கை செய்த கடிகாரம், கை காத்த கடிகாரம்

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் தன் செல்போனை நீட்டிப் படம் ஒன்றைக் காட்டினார். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய பேரன் அனுப்பியது. அங்கே சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் கையாலேயே செய்த கைக்கடிகாரம். விலையைக் கேட்டதில் இருந்து நண்பருக்கு மனசு ஆறவில்லை. "அந்தக் காசுக்கு நம்ம பக்கம் ஒரு மா நிலம் வாங்கலாமே சார். இந்த செல்போன் அதைவிடச் சரியா மணி காட்டுதே" என்றார்.

நியாயமான கேள்விதான். தந்தி ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வந்த தந்தி, போன தந்தி எல்லாவற்றிலும் மணியும் நிமிடமும் எழுதி எழுதியே காலம் போயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் கழித்ததாக நினைவில்லை. அதனால் அவர் கேட்டதற்கு என்னால் முடிந்த பதிலை இங்கே எழுதுகிறேன். அதற்கு ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. கையால் செய்த கடிகாரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு நம் கொடைக்கானலிலேயே சாட்சி இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக்கு வந்து சேர்ந்த கடிகாரம் அது.

நாழிகையில் இருந்து விநாடிக்கு

நம் பெரியவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அதை மறுபடி அறுபதாகப் பிரித்தால் விநாழிகை, அதாவது 24 விநாடி. அடியில் சிறு துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கொண்டு நாழிகையை அளந்தார்கள். வயலில் இருப்பவருக்கு அதுகூட வேண்டாம். தன் நிழலைப் பார்த்தே பொழுதைச் சொல்லிவிடுவார். நடவுக்கும் அறுப்புக்கும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவதற்கும் இந்தக் கணக்கு போதும்.

வான சாஸ்திரத்துக்கும் கடல் பயணத்துக்கும் இது போதவில்லை. ஓர் ஊர் பூமியில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த ஊரில் ஒரு நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் கணத்தைக் குறிக்க வேண்டும். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், அதில் ஒரு விநாடி தவறினால் நம் அட்சரேகையில் சுமார் 450 மீட்டர் தவறிவிடும். ராஜகோபால சுவாமி கோயில் வரைபடத்தில் வேறு தெருவுக்குப் போய்விடும்! ஆக, ஒரு விநாடிக்கும் குறைவாகப் பிசகும் கடிகாரம் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் அதற்கு எந்திரத் தொழிற்சாலை கிடையாது. அரம், கடைசல் பட்டறை, மனிதக் கை. இவ்வளவுதான்.

ஷெல்டன் என்ற கைவினைஞர்

லண்டனில் ஜான் ஷெல்டன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். அந்தக் காலத்தின் மாபெரும் கடிகார மேதை ஜார்ஜ் கிரஹாமிடம் வேலை செய்தவர். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து போகும் அபூர்வ நிகழ்ச்சி 1761லும் 1769லும் வந்தது. அதை உலகின் பல மூலைகளில் இருந்து பார்த்துக் குறிக்க ராயல் சொசைட்டி கடிகாரம் தேடியபோது ஷெல்டன் செய்தவைதான் போயின. கேப்டன் குக் 1769ல் தாஹிதி தீவுக்குக் கொண்டுபோனதும் ஷெல்டன் கடிகாரம்தான்.

அவருடைய கடிகாரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பிடி. பழைய கடிகாரங்களில் ஒவ்வொரு 'டிக்'குக்கும் சக்கரம் சற்றுப் பின்வாங்கும். விநாடி முள்ளை உற்றுப் பார்த்தால் அது ஒரு துளி பின்னால் துள்ளுவது தெரியும். அந்தத் துள்ளல் ஊசலின் இயல்பான ஆட்டத்தைக் கெடுக்கும். கிரஹாம் முறையில் பிடியின் முகத்தை ஒரு குறிப்பிட்ட வளைவில் தேய்த்திருப்பார்கள். பல் வந்து அதில் உட்கார்ந்தால் அப்படியே அசையாமல் நிற்கும். இந்த வளைவில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் காரியம் கெட்டுவிடும். அதை அரத்தால் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது, ஊசல். வெயிலில் இரும்பு நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். வெறும் எஃகுக் கம்பி ஊசலாக இருந்தால், ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒரு நாளைக்கு சுமார் அரை விநாடி பின்தங்கும். காலைக்கும் நண்பகலுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும் நம் ஊரில் இது பெரிய பிழை. இதற்கு ஜான் ஹாரிசன் என்ற தச்சர் வீட்டுப் பிள்ளை வழி கண்டுபிடித்தார். எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் ஜன்னல் கம்பி போல மாற்றி மாற்றி வைத்தார். எஃகு கீழ்நோக்கி நீள, பித்தளை மேல்நோக்கி நீள, குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஷெல்டன் தன் கடிகாரங்களில் இந்த ஊசலைத்தான் பயன்படுத்தினார்.

எழும்பூரில் இருந்து கொடைக்கானலுக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த வில்லியம் பெட்ரி வான சாஸ்திரத்தில் பித்துப் பிடித்தவர். 1786ல் சென்னை எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் கட்டினார். அதில் இருந்த கருவிகளில் ஷெல்டன் செய்த இரண்டு கடிகாரங்களும் உண்டு. பிறகு அவற்றைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் 1792ல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கி ஆடாமல் இருக்க அங்கே நட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் செய்தி தெரியட்டும் என்ற எண்ணத்தில் வெட்டியது.

அந்தக் காலத்தில் வேலை எப்படி நடந்தது தெரியுமா? பார்ப்பவர் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்திருப்பார். காதைக் கடிகாரத்தில் வைத்திருப்பார். 'டிக்' சத்தத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே, நட்சத்திரம் நூலைத் தாண்டும் கணம் எந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில் என்று பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுவார். இந்த வானாய்வகத்தில் அப்படிக் கண்விழித்தவர்களில் நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி முக்கியமானவர். 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னவர். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதத்துக்காகப் பாடுபட்டவரும் அவரே. இன்று வாக்கியமா, திருக்கணிதமா என்று வீட்டில் விவாதம் வரும்போது அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லி நாம் கேட்ட பஞ்சம். அதன் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற யோசனை எழுந்தது. கொடைக்கானல் வானாய்வகம் அப்படித்தான் பிறந்தது. 1899ல் சென்னையின் வேலை அங்கே மாறியது. அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. ஷெல்டன் கடிகாரம் ஒன்றும் அந்த மலை ஏறியது.

மலை ஏறினால் ஊசலுக்கு வேறு பிரச்சினை வரும். உயரத்தில் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு. சமவெளியில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் மலைமேல் நாளுக்குப் பல விநாடி பின்தங்கும். ஊசலின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, மறுபடி திருகித்தான் சரிக்குக் கொண்டுவர முடியும். கடிகாரத்தைச் செய்தவர் இதற்கு இடம் வைத்தே செய்திருந்தார். அதனால்தான் லண்டன் குளிருக்கும் சென்னை வெயிலுக்கும் கொடைக்கானல் பனிக்கும் ஒரே கடிகாரம் ஈடுகொடுத்தது.

மதராஸ் நேரம்

இந்த வானாய்வகம் தந்த மணிதான் ஒரு காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் மணி. அப்போது ஊருக்கு ஊர் நேரம் வேறு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டுக்கும் நடுவில் இருந்த மதராஸ் நேரத்தை ரயில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். தினமும் மாலை 4 மணிக்குத் தந்திக் கம்பி வழியே நேரச் சைகை போகும். எங்கள் இலாகாவுக்குப் பெருமையான சங்கதி என்பதால் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்!

1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் 8 நிமிடம் 46 விநாடி முன்னால் தள்ளப்பட்டன. நம் மன்னார்குடி அந்தப் பொது நேரத்துக்குரிய கோட்டில் இருந்து சுமார் 3 டிகிரி மேற்கே இருக்கிறது. கணக்குப் போட்டால், நம் ஊரின் சொந்த நண்பகல் கடிகாரம் 12 மணி 12 நிமிடம் காட்டும்போதுதான். அதிலும் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் கூடக் குறைய இருக்கும். மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைப் பேரப் பிள்ளைகளோடு குறித்துப் பாருங்கள்.

பெரிய கோயிலில் நடந்த விபத்து

கையால் செய்த கருவிக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்குத் தஞ்சாவூரே சாட்சி. கர்னல் லாம்டன் 1802ல் சென்னையில் இருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அவருடைய கோண அளவுக் கருவி, அதாவது தியோடலைட், அரை டன் எடை. லண்டனில் கேரி என்பவர் பட்டறையில் செய்தது. நம் டெல்டாவோ தட்டை பூமி. குன்று கிடையாது, தென்னந்தோப்பு மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறித்தான் அளந்தார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டமே நெளிந்துவிட்டது.

புதுக் கருவி லண்டனில் இருந்து வர மாதக்கணக்காகும். லாம்டன் உட்கார்ந்து, அதை அக்கக்காகக் கழற்றி, ஆப்பு வைத்தும் திருகு வைத்தும் நெளிந்த வட்டத்தை மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆயிற்று. பிறகு அதே கருவியை வைத்துத்தான் வேலை தொடர்ந்தது.

என் நண்பருக்கு நான் சொன்ன பதில் இங்கேதான் இருக்கிறது. கையால் செய்ததைக் கையால் பிரிக்கலாம். எங்கே கெட்டது என்று கண்ணால் பார்க்கலாம். தெரிந்த கை கிடைத்தால் சரிசெய்யலாம். செல்போன் சரியாக மணி காட்டும், மறுக்கவில்லை. பத்து வருஷம் கழித்து அதைத் திறந்து சரிசெய்ய யாராலும் ஆகாது. ஷெல்டன் கடிகாரம் இத்தனை காலம் ஓடியது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்று பொருள்.

ஜெர்மனியின் ஏழை ஊர்

ஜெர்மனிக்கு வருகிறேன். சாக்சனி மலைப்பகுதியில் கிளாஷூட்டே என்று ஒரு சிற்றூர். சுரங்கத் தொழில் நலிந்து சனங்கள் வறுமையில் இருந்தார்கள். 1845ல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே அங்கே போய் உள்ளூர்ப் பையன்கள் 15 பேரைச் சேர்த்துக் கடிகாரத் தொழில் கற்றுக்கொடுத்தார். அரசாங்கம் கடன் கொடுத்தது. கற்றவர்கள் தனித்தனியே பட்டறை வைத்தார்கள். ஒரு தலைமுறையில் ஊரே கடிகார ஊராகிவிட்டது.

1945ல் போரின் கடைசி நாளில் குண்டு விழுந்தது. 1948ல் கம்பெனியைக் கிழக்கு ஜெர்மனி அரசு எடுத்துக்கொண்டது. லாங்கே பெயரே மறைந்தது. ஆனால் ஊரில் தொழில் தெரிந்த கைகள் மறையவில்லை. 1990ல் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே திரும்பி வந்து மறுபடி தொடங்கினார். 1994ல் முதல் நான்கு கடிகாரங்களை வெளியிட்டார். பட்டறை போனாலும் வித்தை இருந்ததால் பட்டறை திரும்பி வந்தது.

பெரிய கம்பெனிகளைத் தவிர, தனியாகவோ நாலைந்து பேரோடோ செய்பவர்களும் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஸ்டெஃபன் குடோக்கே என்பவர் அப்படி ஒருவர். உலோகத்தில் சித்திரம் செதுக்கும் வேலையும் தெரிந்தவர். அவர் செய்த கடிகாரம் ஒன்று 2019ல் ஜெனீவாவில் பரிசு வாங்கியது.

இப்படிப்பட்ட கடிகாரத்தை எப்படி ரசிப்பது? முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடுகளின் விளிம்பை 45 டிகிரி சரிவில் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இரண்டு விளிம்பு உள்நோக்கிச் சந்திக்கும் மூலை கூர்மையாக இருந்தால் அது கை வேலை. சுழலும் எந்திரம் அந்த மூலைக்குள் போகாது, உருட்டிவிடும். திருகுகள் நீலமாக இருக்கும். அது சாயம் கிடையாது. எஃகைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கும்போது வரும் நிறம். ஒரு கணம் தாமதித்தால் நிறம் வெளுத்துவிடும். செதுக்கு வேலையில் ஒரு கோடு மற்றதைவிடச் சற்று ஆழமாக இருக்கும். நம் சுவாமிமலை ஸ்தபதி வார்த்த விக்கிரகத்தில் உளிபட்ட இடம் தெரிவதைப் போல.

நம் பந்தலடிக் கடை

நமக்கு இதெல்லாம் எட்டாத விலை. ஆனால் கடிகாரத்தின் உயிர் நம் வீட்டிலும் இருந்தது. 1961ல் பெங்களூரில் ஜப்பான் சிட்டிசன் கம்பெனி உதவியோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை வந்தது. ஜனதா, பைலட், சோனா என்று பெயர்கள். கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு ஜனதா, வேலையில் சேர்ந்த பையனுக்கு ஒரு பைலட். என் அப்பா கட்டியிருந்தது ஜனதாதான். தினமும் காலையில் காபி குடித்த கையோடு சாவி கொடுப்பார். அது தொழிற்சாலையில் செய்ததுதான், கைவேலை கிடையாது. ஆனாலும் திறக்கலாம், பிரிக்கலாம், சேர்க்கலாம். உள்ளே உள்ள பேலன்ஸ் வீல் விநாடிக்கு ஐந்து முறை தட்டும். நாளுக்கு 4,32,000 தட்டு. வருஷத்துக்குப் பதினைந்து கோடிக்கு மேல்!

பிறகு ஓசூரில் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கொண்டுவந்தார்கள். பேட்டரிக் கடிகாரம் நாட்டை ஆண்டது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

பந்தலடிப் பக்கம் ஒரு சின்ன வாட்ச் ரிப்பேர் கடை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார்ந்திருப்பார். அப்பாவின் ஜனதாவை அவரிடம்தான் கொடுப்பேன். பெட்ரோலில் அலசி, ஒவ்வொரு கல்லிலும் ஊசிமுனை அளவு எண்ணெய் வைத்து, ஹேர்ஸ்பிரிங்கைச் சாமணத்தால் தொட்டுத் தொட்டு நேராக்குவார். மூச்சைக் கூட அடக்கிக்கொள்வார். "பேட்டரி வாட்ச்ல எனக்கு என்ன சார் வேலை? பேட்டரியை மாத்தறேன், அவ்வளவுதான். இதுலதான் தொழில் இருக்கு" என்பார்.

அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பையன் யாரும் இல்லை. முன்பு அந்தக் கடையில் மூன்று பேர் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கிளாஷூட்டேயில் லாங்கே சேர்த்த 15 பையன்கள் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எனக்கு ஒருத்தன் போதும் சார்" என்றார்.

பல வீடுகளில் அப்பாவின் கடிகாரமோ, மாமனார் கல்யாணத்துக்குப் போட்டதோ அலமாரியில் நின்றுபோய்க் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். பலமாகச் சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே பழைய எண்ணெய் பிசின் போல இறுகியிருக்கும். முதலில் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். கூடவே பேரனையோ பேத்தியையோ அழைத்துப்போய், மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். யார் கையில் எந்த வித்தை ஒட்டிக்கொள்ளும் என்று நமக்கு என்ன தெரியும்? விடுமுறையில் கொடைக்கானல் போகிறவர்கள் படகு, குதிரையோடு திரும்பிவிடாமல், பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு வானாய்வகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அந்த ஷெல்டன் கடிகாரத்தைப் பற்றி அங்கே மறக்காமல் கேளுங்கள்.